சப் 1: ஓர் அரைச்சொல்லின் வழித்தடம்

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பாவுக்கு விதை எடுக்கப் போகிறவர்கள் கேட்டு வாங்கும் நெல்களில் ஒன்று ‘சி.ஆர். 1009 சப் 1’. ஐந்து மாதத்துக்கும் மேலாக வயலில் நிற்கும் நீண்டகால நெல். குண்டு மணி, இட்லிக்கு ஏற்ற அரிசி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாதபடி தண்ணீர் நிற்கும் நாட்களுக்காகவே இந்த விதையைத் தேடுகிறார்கள். பயிர் தலைமறைய மூழ்கினாலும் ஏறக்குறைய இரண்டு வாரம் தாக்குப்பிடித்து, தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும்.

இந்தப் பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். சி.ஆர். என்பது கட்டாக்கில் முன்பு மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் என்று அழைக்கப்பட்ட நிலையத்தின் முதலெழுத்துகள். 1009 அந்த நிலையம் கொடுத்த எண். அதே நெல்லுக்கு ஒடிசாவில் சாவித்திரி என்று பெயர், தமிழ்நாட்டில் பொன்மணி. போன உயிரை மீட்டுவந்தவளின் பெயரைச் சுமந்த நெல், தான் மூழ்கினால் மீளத் தெரியாமல்தான் பல காலம் இருந்தது. மீளும் திறன் அதற்குக் கிடைத்தது ‘சப் 1’ என்ற கடைசித் துண்டு வந்து ஒட்டிய பிறகு. அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

‘சப்’ ஒரு முழுச்சொல் கிடையாது. மூழ்குதலைக் குறிக்கும் ‘சப்மெர்ஜென்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்தது. ஆங்கிலத்துக்கு அது லத்தீனிலிருந்து வந்தது. அங்கே ‘சப்’ என்றால் கீழ். ‘மெர்கெரே’ என்றால் அமிழ்த்துதல். வெட்டு விழுந்த இடத்தைக் கவனியுங்கள். அமிழ்தலைச் சொல்லும் பாதி போய்விட்டது, ‘கீழ்’ மட்டும் மிஞ்சியது. தண்ணீரைப் பற்றிய பெயரில் தண்ணீர் சம்பந்தப்பட்ட எதுவும் இல்லை. நம் காதுக்கு ‘சப்’ என்றதும் சப் கலெக்டரும் சப் இன்ஸ்பெக்டரும்தான் நினைவுக்கு வருவார்கள்; அங்கேயும் இருப்பது அதே லத்தீன் ‘கீழ்’தான். அதனால் ‘சப் 1’ என்பதை ஏதோ துணை ரகம், கிளை ரகம் என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் அதில் அவருடைய தவறு எதுவும் இல்லை. பெயர் அப்படித்தான் ஒலிக்கிறது.

நம் பழைய நெல்களின் பெயர்களில் இந்தக் குழப்பம் வராது. அறுபதாம் குறுவை என்றால் எத்தனை நாளில் அறுப்புக்கு வரும் என்பது பெயரிலேயே இருக்கிறது. களர்பாலை என்றால் எந்த மண்ணுக்கு என்று தெரியும். மடுமுழுங்கி என்ற பெயரில் ஆழ்ந்த நீர் நிற்கும் மடுவே வந்து நிற்கிறது. கடலோர வங்காளத்தின் நோனா போக்ரா என்ற நெல்லும் இப்படித்தான். வங்க மொழியில் ‘நோனா’ என்றால் உப்பு. உவர் நிலத்தில் அது ஏன் பிழைக்கிறது என்பதற்கான மரபணுவை விஞ்ஞானிகள் 2005இல் பிரித்தெடுத்தார்கள். உப்பைத் தாங்கும் என்ற செய்தியை அதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே யாரோ ஒரு விவசாயி பெயராக வைத்துவிட்டுப் போயிருந்தார். குணத்தால் பெயர் வைப்பது உழவர் வழக்கம்.

ஆராய்ச்சி நிலையங்களின் வழக்கம் வேறு. ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, கோ என்றால் கோயம்புத்தூர், எம்.டி.யு. என்றால் ஆந்திரத்தின் மார்ட்டேரு. ஊரின் முதலெழுத்து, பிறகு வரிசை எண். மனிதர்களுக்கும் ஊர்ப்பெயரை முன்னால் வைத்துப் பேசிய சமூகம் நாம். ஊரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அது. மரபணு அறிவியலும் ஏறக்குறைய அதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தது. ஆனால் அது வந்த வழி நீளமானது.

அந்த வழி ஓர் அவரைக் குடும்பத்துக் கொட்டையில் தொடங்குகிறது. டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் ‘பிரின்சஸ்’ என்ற பீன்ஸ் விதைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பிரித்தார். ஒரே செடியின் வழியில் வந்த விதைகளில் கனமானதை விதைத்தாலும் இலேசானதை விதைத்தாலும், அடுத்த தலைமுறையின் சராசரி எடை ஒன்றாகவே இருந்தது. இப்படிப் பத்தொன்பது தூய வழிகளைப் பிரித்து 1903இல் முடிவை வெளியிட்டார். விதையின் எடை என்பது கண்ணுக்குத் தெரியும் தோற்றம். அதற்கு அடியில், தோற்றத்தால் கலங்காத ஏதோ ஒன்று வழிவழியாக வருகிறது. அந்த ‘ஏதோ ஒன்று’க்குப் பெயர் வேண்டியிருந்தது.

ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. டார்வின் 1868இல் ‘பான்ஜெனசிஸ்’ என்று ஒரு கருதுகோளை முன்வைத்தார். அதைத் தழுவி ஹாலந்தின் ஹியூகோ டி ஃப்ரீஸ் 1889இல் ‘பான்ஜென்’ என்று, உயிரணுவுக்குள் உள்ள துகள்களுக்குப் பெயர் வைத்தார். ‘பான்’ என்றால் கிரேக்கத்தில் எல்லாம். ‘ஜென்’ பிறப்பைச் சார்ந்த வேர். 1909இல் யோஹான்சன் அந்தச் சொல்லின் தலையை வெட்டினார். ‘ஜென்’ மட்டும் மிஞ்சியது. அதுவே இன்றைய ஜீன். வெட்டியதற்குக் காரணம் இருந்தது: அது துகளா, திரவமா, வேறு எதுவா என்ற ஊகம் எதுவும் சொல்லில் ஒட்டியிருக்கக் கூடாது என்று அவர் விரும்பினார். கணக்குப் போட உதவும் ஓர் அலகு, அவ்வளவுதான்.

இங்கே தமிழைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஜீனுக்குத் தமிழ்நாட்டில் மரபணு என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் பரம்பரையலகு. இரண்டும் ஒன்றுதான் என்று கடந்துபோய்விடலாம். எனக்கு மனம் வரவில்லை. அணு என்றால் பொருள், மிகச் சிறிய துகள். அலகு என்றால் அளவை. மரபணு என்று சொல்லும்போது நாம் டி ஃப்ரீஸின் துகளுக்குப் பக்கத்தில் நிற்கிறோம். பரம்பரையலகு என்று சொல்கிற யாழ்ப்பாணத்து மாணவர், யோஹான்சன் எதை நினைத்து அந்தச் சொல்லை வெட்டினாரோ அதற்கு மிக அருகில் நிற்கிறார். எடையை அளக்கப் போய்ப் பிறந்த சொல்லுக்கு ‘அலகு’ எவ்வளவு பொருத்தம்! மொழிபெயர்த்தவர்கள் இதை எண்ணித்தான் செய்தார்களா என்பது என் கேள்வி இல்லை. சொல் சரியான இடத்தில் போய் அமர்ந்திருக்கிறது.

துறையின் பெயரிலும் இதே போல ஒரு பிரிவு உண்டு. இலங்கையில் பிறப்புரிமையியல், இங்கே மரபியல். மரபியல் என்பது தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்குப் பெயர். எந்த விலங்கின் குட்டியை என்ன பெயரால் அழைப்பது, ஆணுக்கு என்ன பெயர், பெண்ணுக்கு என்ன பெயர், புல் எது மரம் எது என்று உயிர்களின் பெயர்வழக்கை அடுக்கிச் சொல்லும் இயல் அது. பெயர்களைப் பற்றிய ஓர் இயலின் தலைப்பு, இருபதாம் நூற்றாண்டில் ஜீன்களைப் பற்றிய துறைக்குப் பெயராயிற்று. ‘சப் 1’ போன்ற பெயரைத் தமிழில் ஆராய்கிறவர் இரண்டு மரபியலிலும் ஒரே நேரத்தில் கால் வைக்க வேண்டியிருக்கிறது.

யோஹான்சன் ‘அலகு’ என்று சொல்லிவிட்டார். ஆனால் எடை, உயரம், விளைச்சல் போன்றவற்றில் அந்த அலகுகளைத் தனித்தனியாக எண்ண முடியவில்லை. மெண்டலின் பட்டாணியில் நெட்டை, குட்டை என்று இரண்டே பக்கம். வயலில் நிற்கும் நெல்லின் உயரம் அப்படி இல்லை. ஒரு விரற்கடை, அரை விரற்கடை என்று படிப்படியாக மாறிக்கொண்டே போகும். ‘உண்டா, இல்லையா’ என்று கேட்க முடியாது. ‘எவ்வளவு’ என்றுதான் கேட்க முடியும். இவற்றை அளவுப் பண்புகள் என்பார்கள். பல மரபணுக்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் தள்ளுகின்றன. மண்ணும் மழையும் தம் பங்குக்குத் தள்ளுகின்றன. இங்கிலாந்தின் கென்னத் மேதர் 1941இல் இவற்றுக்குப் ‘பாலிஜீன்’ என்று ஒரு கூட்டுப்பெயர் வைத்தார். ‘பல’ என்பதற்கு மேல் அந்தப் பெயரால் எதுவும் சொல்ல முடியவில்லை. கூட்டத்துக்குப் பெயர் இருந்தது. கூட்டத்தில் நின்ற எவருக்கும் பெயர் இல்லை.

அவர்களைத் தனித்தனியாக அடையாளம் காணும் வழியை 1923இலேயே ஒருவர் தொட்டிருந்தார். அமெரிக்காவின் கார்ல் சாக்ஸ். அவரும் பீன்ஸ் விதையைத்தான் எடுத்தார். விதைத்தோலின் நிறம் எளிய பண்பு, மெண்டல் விதிப்படி நடப்பது. விதையின் எடை அளவுப் பண்பு. கலப்பில் வந்த சந்ததியில் நிறமுள்ள விதைகள், நிறமில்லாதவற்றைவிடச் சராசரியில் கனமாக இருந்தன. நிறம் எடையை உண்டாக்கவில்லை. நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுவுக்கு அக்கம்பக்கத்தில், அதே குரோமோசோமில், எடையைக் கூட்டும் ஏதோ ஒன்று குடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தே பயணம் செய்கின்றன. தெரியாத ஆளை அவருடைய பக்கத்து வீட்டுக்காரரை வைத்துக் கண்டுபிடிப்பது போன்ற முறை. அளவுப் பண்புகளின் மரபணு வரைபடம் என்று இன்று சொல்வதெல்லாம் இதன் விரிவுதான். அன்று சாக்ஸுக்குக் கிடைத்த அடையாளங்கள் நிறமும் புள்ளியும்தான். 1980களில் டி.என்.ஏ.விலேயே அடையாளங்களை எடுக்க முடிந்தது. குரோமோசோம் நெடுக மைல்கல் நட்டதுபோல ஆயிற்று. 1988இல் தக்காளியில் மொத்த மரபணுத் தொகுதிக்கும் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு எரிக் லாண்டரும் டேவிட் போட்ஸ்டைனும் இரண்டு மைல்கல்லுக்கு இடையே எந்த இடத்தில் என்று கணிக்கும் முறையைத் தந்தார்கள்.

இடையில் 1975இல் ஜெர்மனியின் ஹெர்மன் கெல்டர்மன் இதற்கு ஒரு பெயர் வைத்தார். அளவுப் பண்பு இடம். ஆங்கில முதலெழுத்துகளால் கியூ.டி.எல். என்று இன்று உலகமே சொல்வது அதைத்தான். கடைசி எழுத்தில் இருப்பது ‘லோகஸ்’. லத்தீனில் ‘இடம்’ என்று பொருள். மரபணு என்று சொல்லவில்லை, இடம் என்றே சொன்னார். அது நேர்மையான பெயர். இந்த முறையால் கண்டுபிடிக்க முடிவது ஒரு தெருவை. அந்தத் தெருவில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் குடியிருக்கலாம்; எது வேலை செய்கிறது என்று இன்னும் தெரியாது. ஆளைத் தெரியாதபோது ஊரைச் சொல்கிறோம்.

இந்த இடங்களுக்கு வைக்கும் பெயர்கள் முகவரி மாதிரியே இருக்கும். தக்காளியில் ‘எஃப்.டபிள்யூ. 2.2’ என்று ஒன்று உண்டு. முதல் எழுத்துகள் பழத்தின் எடை. முதல் 2 குரோமோசோமின் எண். அடுத்த 2, அந்தக் குரோமோசோமில் கண்ட இரண்டாவது இடம். கோலிக்குண்டு அளவில் காய்த்த காட்டுச் செடி கைக்கு அடங்காத பழமாக மாறியதில் பெரும்பங்கு இந்த முகவரியில் குடியிருந்த மரபணுவுக்கு உண்டு. 2000இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். நெல்லில் ‘கியூ.எஸ்.எச். 1’ என்றால் மணி உதிரும் பண்பு, முதலாம் குரோமோசோம்.

‘சப் 1’ இந்த முகவரி முறைக்குள் அடங்காது. அது முதலாம் குரோமோசோமில் இல்லை, ஒன்பதில் இருக்கிறது. அதில் உள்ள 1, முதலில் கண்டது என்ற பொருளில் வந்த வெறும் வரிசை எண். ஆக, ‘சப்’பில் தண்ணீர் இல்லை, ‘1’இல் ஊர் இல்லை. பெயரின் இரண்டு துண்டுகளும் தாம் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அதனால்தான் இதன் பின்னால் போய்ப் பார்க்கத் தோன்றியது.

போனால் ஒடிசா வருகிறது. ஆற்று முகத்துவாரங்களும் தாழ்நிலங்களும் நிறைந்த அந்த மாநிலத்தில் தால்புட்டியா என்று ஒரு நாட்டு நெல் இருந்தது. அந்த நெல்லிலிருந்து ஒரு தூய வழியைப் பிரித்தெடுத்து எஃப்.ஆர். 13ஏ என்று பெயரிட்டார்கள். எஃப்.ஆர். என்றால் வெள்ளம் தாங்கும் என்பதன் முதலெழுத்துகள். உழவர் பாணியில் குணத்தைச் சொன்னதுதான், ஆனால் ஆங்கிலத்தில், அதுவும் இரண்டு எழுத்தில். தால்புட்டியா என்ற சொல் ஒலித்த கடைசி இடம் ஏறக்குறைய இதுவே. அடுத்த கட்டத்திலிருந்து பெரும்பாலான ஆவணங்களில் எஃப்.ஆர். 13ஏ மட்டும்தான்.

1970களில் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில், உலகெங்குமிருந்து சேர்த்த நெல்களை நீரில் மூழ்கவைத்துச் சோதித்தார்கள். பிழைத்தவற்றில் எஃப்.ஆர். 13ஏ முன்னால் நின்றது. அதன் அருகே இலங்கையிலிருந்து போன சில நெல்களும் இருந்தன: கொட ஹீனட்டி, தவளு, அப்புறம் ஒரு தமிழ்ப் பெயர். ரோமன் எழுத்தில் குறில் நெடில் தெரியாமல் ‘குர்கருப்பன்’ என்பதுபோல எழுதப்பட்டுக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தின் மொட்டைக்கறுப்பன் நெல்லை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும் என்று நினைக்கிறேன். மொட்டைக்கு எதிர்ச்சொல்லைத் தேடினால் ‘கூர்’ கிடைக்கிறது. மணியின் நுனி மழுங்கியது மொட்டைக்கறுப்பன், நுனி நீண்டது கூர்க்கறுப்பன். இது என் வாசிப்பு. ஆனால் ‘கறுப்பன்’ என்ற பின்பாதியில் ஐயத்துக்கு இடமில்லை. தமிழ் உழவர் ஒருவர் வாய்நிறையச் சொன்ன பெயர், அந்நிய எழுத்தில் கூர் மழுங்கிப்போய் விஞ்ஞானக் கட்டுரைகளின் அட்டவணையில் நிற்கிறது.

எஃப்.ஆர். 13ஏவை வைத்துக் கலப்பு செய்தவர்கள் பல ஆண்டு அல்லல்பட்டார்கள். வெள்ளம் தாங்கும் கன்றுகள் கிடைத்தன. கூடவே நாட்டு நெல்லின் நெட்டையும் குறைந்த விளைச்சலும் பிடிக்காத சோறும் வந்தன. மூழ்கிப் பிழைப்பது அளவுப் பண்பு என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள்; எத்தனை நாள், கலங்கல் நீரா தெளிநீரா, பயிருக்கு என்ன வயது என்று எல்லாவற்றையும் பொறுத்து அது மாறியது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கெனாங் ஷுவும் டேவிட் மெக்கிலும் எஃப்.ஆர். 13ஏ வழியில் வந்த ஒரு நெல்லை, மூழ்கினால் செத்துப்போகும் ஒரு நெல்லோடு சேர்த்தார்கள். இரண்டாம் தலைமுறையில் 169 செடிகள். ஒவ்வொன்றின் பிள்ளைகளையும் மூழ்கவைத்து மதிப்பெண் போட்டார்கள். 1996இல் வந்த முடிவு எல்லோரையும் நிமிரவைத்தது. செடிக்குச் செடி இருந்த வேறுபாட்டில் 69 விழுக்காட்டை ஒன்பதாம் குரோமோசோமின் ஒரே இடம் விளக்கிவிட்டது. கூட்டத்தில் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளுவதாக நினைத்த வேலையை ஒருவரே பெரும்பாலும் இழுத்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தின் பெயர்தான் சப் 1.

தெருவிலிருந்து வீட்டுக்குப் போகப் பத்து ஆண்டு ஆயிற்று. 2006இல் பமீலா ரொனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் ஆகியோரும் சேர்ந்த குழு, அந்த இடத்தில் ஒட்டி ஒட்டி மூன்று மரபணுக்கள் இருப்பதைக் காட்டியது: சப் 1ஏ, 1பி, 1சி. பியும் சியும் எல்லா நெல்லிலும் உண்டு. ஏ சிலவற்றில் மட்டும். அதற்கு முந்தைய ஆண்டு முழுமையாகப் படித்து முடித்த நெல் மரபணுத் தொகுதி நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகத்தினுடையது; அதில் சப் 1ஏ இல்லவே இல்லை. உலகம் அகராதியாக வைத்துக்கொண்ட நூலில் இந்தச் சொல் விட்டுப்போயிருந்தது. ஒடிசாவின் தாழ்நிலம் அதை மறக்காமல் வைத்திருந்தது.

அது செய்யும் வேலை விசித்திரமானது. மூழ்கிய பயிருக்குள் எத்திலின் வாயு வெளியேற வழியின்றிச் சேர்கிறது. சாதாரண நெல் அதைக் கண்டதும் மூச்சுக்காக மேலே எட்டப் பார்க்கும். தண்டையும் இலையையும் அவசர அவசரமாக நீட்டும். நீட்டுவதற்குச் சேமித்த மாவுச்சத்தெல்லாம் செலவாகிவிடும். தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பிருக்காது, சாய்ந்துவிடும். சப் 1ஏ உள்ள நெல் நீட்டுவதில்லை. கையிருப்பைக் காத்துக்கொண்டு, வளர்ச்சியை நிறுத்தி, அடங்கிக் கிடக்கிறது. தண்ணீர் இறங்கியபின் வைத்திருந்ததைக் கொண்டு புதுத் தளிர் விடுகிறது.

எதிர்வழியில் போகும் நெல்லும் உண்டு. மாதக்கணக்கில் ஆழமாக நீர் நிற்கும் நிலங்களின் நெல், வெள்ளத்தோடு போட்டியிட்டு மீட்டர் கணக்கில் உயரும். 2009இல் ஜப்பானியர் கண்டுபிடித்த அதன் மரபணுக்கள், சப் 1ஏவோடு ஒரே குடும்பத்தவை. அவற்றுக்கு ‘ஸ்நார்க்கல்’ என்று பெயர், நீருக்குள் நீந்துகிறவர் மூச்சுவிட வாயில் கவ்வும் குழாயின் பெயர். படித்தவுடனே புரிகிறது. மடுமுழுங்கிக்குப் பெயர் வைத்தவர் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். ‘சப் 1’க்கு இப்படிப்பட்ட ஒரு பெயர் அமையவில்லையே என்பது எனக்கு உண்மையான வருத்தம். ஒடுக்கம் என்ற நம் சொல் அதற்கு எவ்வளவு பொருந்தியிருக்கும்.

கடைசி வேலை, அந்தத் துண்டை மட்டும் மக்கள் விரும்பும் நெல்லுக்குள் கொண்டுபோவது. மார்ட்டேருவின் எம்.டி.யு. 7029, கிழக்கிந்தியா முழுவதும் ஸ்வர்ணா என்ற பெயரில் பரவிய நெல். அதோடு எஃப்.ஆர். 13ஏ வழி நெல்லைக் கலந்து, வந்ததை மறுபடி ஸ்வர்ணாவோடு, அதை மறுபடி ஸ்வர்ணாவோடு என்று பின்னோக்கிக் கலந்தார்கள். ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. மைல்கல்லைப் பார்த்து, சப் 1 இருக்கும் கன்றை வைத்துக்கொண்டு, எஃப்.ஆர். 13ஏவின் மற்ற அடையாளங்கள் உள்ளவற்றைக் கழித்தார்கள். ஆய்வகத்தில் மரபணுவைச் செருகிய பயிர் இல்லை இது. மகரந்தத்தைக் கையால் சேர்த்து, தேர்வை மட்டும் கூர்மையாக்கிய பழைய கலப்புதான். இதை விவரித்த 2007ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சி.என். நீரஜா. நீரில் பிறந்தவள் என்று பொருள்படும் பெயர். இந்தக் கதையின் மனிதர்களில் தண்ணீர் ஒழுங்காக இடம்பெற்ற பெயர் அது ஒன்றே.

பிறந்த நெல்லுக்கு ‘ஸ்வர்ணா-சப் 1’ என்று பெயர் வைத்தார்கள். அந்த இணைப்புக்கோடு துல்லியமானது: இடப்பக்கம் ஏறக்குறைய முழு நெல்லும், வலப்பக்கம் ஒட்டவைத்த ஒரு துண்டு. சி.ஆர். 1009க்கும் இதே வழியில் அந்தத் துண்டு வந்தது. பெயரில் வெட்டு விழுந்ததுபோலவே செடியிலும் விழுந்தது. ‘பான்ஜென்’னிலிருந்து ‘ஜென்’, ‘சப்மெர்ஜென்ஸ்’ஸிலிருந்து ‘சப்’, தால்புட்டியாவிலிருந்து ஒன்பதாம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி. வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழிப்பதே இந்த அறிவியலின் பலம். கழிந்ததில் அந்தப் பகுதியைத் தலைமுறை தலைமுறையாக விதைத்துக் காத்தவர்களின் சொல்லும் சேர்ந்துபோயிற்று.

ஸ்வர்ணா-சப் 1 இந்தியாவில் 2009இல் வெளியானது. ஒடிசாவின் 128 கிராமங்களில் நடத்தி 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வயல் பத்து நாள் மூழ்கியபோது இது பழைய ஸ்வர்ணாவைவிட 45 விழுக்காடு கூடுதலாக விளைந்தது. மூழ்காத வயலில் விளைச்சல் குறையவும் இல்லை. அங்கே வெள்ளம் அதிகம் தேங்கும் தாழ்ந்த நிலங்கள் பட்டியல் சாதி விவசாயிகளிடம்தான் கூடுதலாக இருக்கின்றன. அதனால் பலனும் அவர்களுக்கே கூடுதலாகச் சேரும் என்று அந்த ஆய்வு சொன்னது. தால்புட்டியாவின் துண்டு பிலிப்பைன்ஸும் கலிஃபோர்னியாவும் போய்விட்டு, பிறந்த மண்ணுக்கு இப்படித் திரும்பியிருந்தது. அது வந்த விதைப்பையில் ஓர் ஆந்திர நெல்லின் பெயரும், ஓர் அரைச்சொல்லும், ஓர் எண்ணும் அச்சாகியிருந்தன.